நிறம் மயக்கும், உருவம் உரைக்கும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே, கோவலன் மதுரை நகரின் மணிவீதியைக் கண்டு செல்லும் பகுதி, தமிழ் கற்றோர் பலரும் அறிந்தது. குற்றம் நீங்கிய மணிகளை வகை தெரிந்து வாணிகஞ் செய்யும் அத்தெருவின் சிறப்புக்கு உரை எழுதப் புகுந்த அடியார்க்குநல்லார், தமக்கு முன்னிருந்த மணிநூல்களைத் துணைக்கொண்டு, ஒவ்வொரு மணியின் குணமுங் குற்றமும் விரித்துரைக்கின்றார். அங்கே வயிரத்தின் குணங்களுள் வைத்து எண்ணப்படுவன, எட்டுப் பலகையும் ஆறு கோணமுமாம். வடமொழியிலுள்ள இரத்தினபரீட்சை நூல்களும் இவ்வாறே கூறி, பன்னிரண்டு ஓரங்களையும் உடன் கூட்டுகின்றன.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் இவ்வெண்களை மனனஞ் செய்து எழுதிவிடுகின்றான். பலகை என்றது தட்டையான பக்கத்தை, கோணம் என்றது மூலையை என்ற பொருள் கூறலோடு பாடமும் முடிந்துவிடுகின்றது. ஆயின் எட்டுப் பக்கமும் ஆறு மூலையும் பன்னிரண்டு ஓரமும் ஒருங்கே உடைய திண்மம் யாது என்று சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடி சதுரமான இரண்டு கூம்பகங்களை எடுத்து அடியோடு அடி பொருத்துக. மேலே நான்கு, கீழே நான்கு, ஆகப் பக்கம் எட்டு. உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று, இடையிலே நான்கு, ஆக மூலை ஆறு. மேல் நான்கு, கீழ் நான்கு, இடையிலே நான்கு, ஆக ஓரம் பன்னிரண்டு. கணிதம் இதனை எண்முகி என்று வழங்கும். பட்டை தீட்டப்பெறாத வயிரம் மண்ணிலிருந்து எடுக்கப்படுங்கால் பல சமயங்களில் இந்த எண்முகி உருவத்தோடு கிடைக்கின்றது.

இக்காலத்து மோதிரங்களில் மின்னும் வட்ட வயிரத்துக்குத் தீட்டப்பட்ட பட்டைகள் 57 அல்லது 58. அவை தொழிலாளன் கையால் அமைந்தவை. மணிநூலார் எண்ணிய எட்டோ அவ்வாறு அமைந்ததன்று. கல் தானே வளர்ந்து கொண்ட உருவம் அது. எனவே அவ்வெண்கள் புலவரின் அலங்காரம் அல்ல. ஒருவர் ஒரு கல்லைக் கையிலெடுத்து, திருப்பித் திருப்பி எண்ணி, பின் எழுதி வைத்த காட்சிப் பிரமாணம். கனியங்களை அவற்றின் உருவத்தாலும் வளர்ச்சி வகையாலும் இனங்காணும் இக்காலக் கல்வி, அம்முறையின் விரிவே என்பதையும், அதனை அறிதல் இலக்கியங் கற்பார்க்கும் வேண்டற்பாலது என்பதையும் இங்கே கூற விழைகின்றேன்.

குருந்தமும் முள்ளும்

வயிரத்தின் உருவத்தை எண்ணிய அதே மணிநூல்கள், செம்மணிகளுக்கு வரும்போது பெரிதும் நிறத்தையே சான்றாகக் கொண்டன. தாமரை போன்றது, மாதுளம்பூப் போன்றது, தீப் போன்றது என உவமை கூறி மாணிக்கத்தை வகுத்தன. கண்ணுக்கு முதலிற் படுவது நிறமே ஆதலின் இது இயல்பே. எனினும் கல்லின் நிறம் பல சமயங்களில் அக்கல்லுக்கு உரியதன்று. உள்ளே சிறிதளவு கலந்துள்ள வேறொரு பொருளுக்கு உரியது.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனியம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று வழங்கும் அதன் பெயர், நமது குருந்தம் என்னுஞ் சொல்லிலிருந்து சென்றது என அம்மொழி அகராதிகளே கூறுகின்றன. தூய குருந்தத்துக்கு நிறமில்லை. அதிலே சிறிதளவு குரோமியம் புகுந்தால் மாணிக்கம். இரும்பும் தைற்றேனியமும் புகுந்தால் நீலம். நிறத்தைக் கொண்டு நோக்கினால் இரண்டும் வெவ்வேறு மணிகள். உருவத்தைக் கொண்டு நோக்கினால் இரண்டுக்கும் ஒரே பிறப்பு. அறுபக்கம் உடையதாய், நடுவே பருத்து இருதலையும் ஒடுங்கி, மத்தளம் போல நிற்கும். சில, நூல் நூற்கும் கதிர்போல இருமுனையும் கூர்த்திருக்கும். நம் இலங்கை நீலக்கற்களில் இக்கதிர் வடிவம் மிகுதி.

இனி, ஒரே நிறமுடைய இரண்டு வேறு மணிகளைக் காண்போம். ஸ்பினெல் என்னும் கனியத்திலும் குரோமியம் கலந்தால் செந்நிறம் உண்டாகும். மாணிக்கத்தோடு வைத்துப் பார்த்தால் தேர்ந்த கண்ணும் மயங்கும். இங்கிலாந்து மன்னரின் அரச முடியில் ‘கறுப்பு இளவரசன் மாணிக்கம்’ என்ற பெயரோடு பதிக்கப்பட்டுள்ள பெருஞ் செம்மணி மாணிக்கமன்று, ஸ்பினெலே. நூற்றாண்டுக் கணக்காக அரசரும் மணிகாரரும் மயங்கிய இடம் இது. ஆனால் தீட்டப்படாத நிலையில் இரண்டையும் அருகருகே வைத்தால் மயக்கத்துக்கு இடமில்லை. குருந்தம் அறுபக்க மத்தளம். ஸ்பினெல் கூர்முனை எண்முகி. ஸ்பினெல் என்னும் பெயரே, முள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக, அக்கூர்மை நோக்கி வந்தது என்பர். பிரான்சு நாட்டு ரோமே த லீல் என்பார் 1783இல் இவ்விரண்டையும் வேறு வேறு கனியங்கள் எனப் பிரித்துக் காட்டினார்.

மாறாத கோணம்

‘உருவமும் மாறுகின்றதே; ஒரு கல் நீண்டும் ஒரு கல் குறுகியும் கிடைக்கின்றதே; அதனை எவ்வாறு நம்புவது?’ என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. இதற்கு விடை கண்டவர் தென்மார்க்கு நாட்டவரான நிக்கோலாசு ஸ்தேனோ. பளிங்குகளை ஆராய்ந்த அவர், அவற்றின் பக்கங்கள் பெரியவாயினும் சிறியவாயினும், நீண்டவாயினும் நெரிந்தவாயினும், ஒத்த பக்கங்கள் தம்முட் கூடும் கோணம் மாறுவதில்லை என்பதை 1669இல் வெளியிட்டார். குவார்ட்சு எனப்படும் வெண்பளிங்கு எந்த நாட்டிலே தோன்றினாலும், அதன் நீள்பக்கங்கள் ஒன்றோடொன்று 120 பாகையிலே கூடும். நீள்பக்கமும் அதன்மேற் சாய்ந்த உச்சிப்பக்கமும் 141 பாகை 47 கலையிலே கூடும். விரலளவு பளிங்குக்கும் ஆளுயரப் பளிங்குக்கும் இவ்விதி ஒன்றே. பின்னர் ரோமே த லீலின் உதவியாளர் கராஞ்சோ, 1780 அளவில், இக்கோணத்தை அளக்கும் கருவியொன்று செய்தார். அதன் துணைகொண்டு ரோமே த லீல் பற்பல கனியங்களை அளந்து, இவ்விதியைப் பொதுவிதியாக நிலைநிறுத்தினார்.

யாப்புக் கற்றவர்க்கு இஃது எளிதில் விளங்கும். குறள் வெண்பாவுக்கு அடி இரண்டு, நேரிசைக்கு நான்கு, பஃறொடைக்கு அதனினும் மிகும், கலிவெண்பா நூற்றுக்கணக்கான அடிகளாகவும் நீளும். நீளத்தை நோக்கி வெண்பாவை அறிய முயல்பவன் இடர்ப்படுவான். சீரும் சீரும் கூடும் இடத்திலே வெண்டளை பிறழாமல் நிற்றலைக் காண்பவன் அறிந்துகொள்வான். பளிங்கிலும் அவ்வாறே, பக்கத்தின் அளவு அடியின் தொகை போன்றது, பக்கமும் பக்கமும் கூடும் கோணம் தளை போன்றது.

இவ்வொழுங்குக்குக் காரணம் என்னை? றோமாபுரிப் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே, வெண்பளிங்கு ஏன் அறுபக்கமாக வளர்கின்றது என்பதற்குக் காரணங் காண்டல் எளிதன்று என எழுதிவைத்தார். பாதிரியாரும் ஆசிரியருமாகிய பிரான்சு நாட்டு ஆயி என்பார், கல்சைற்றுக் கல்லொன்று கைதவறி விழுந்துடைய, அதன் துண்டுகள் யாவும் ஒரே சாய்சதுரத் திண்மமாய்ப் பிளந்திருக்கக் கண்டார் என்று ஒரு வரலாறு வழங்குகின்றது. புறவுருவம் எவ்வாறிருப்பினும் உள்ளே சின்னஞ்சிறு கட்டிகள் செங்கல் அடுக்கினாற்போல அடுக்கப்பட்டுள்ளன என்பது 1784இல் அவர் வெளியிட்ட கொள்கை. 1912இல் யேர்மனியில் லவுவேயும் அவர்தம் துணைவரும் மயில்துத்தப் பளிங்கொன்றினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, ஒளிப்படத் தட்டிலே புள்ளிகள் தோன்றின. பளிங்கினுள்ளே அணுக்கள் வரிசை தவறாது நிற்கின்றன என்பது அதனால் உறுதியாயிற்று. வெளியே காணும் பலகையும் கோணமும், உள்ளே நிற்கும் அவ்வரிசையின் புறத்தோற்றமே. பிளினி எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்க ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

பளிங்கு என்னுஞ் சொல்லைப் பற்றி ஈண்டு ஒரு குறிப்புக் கூறல் தகும். பளிங்கும் படிகமும் முன்னர் வெண்பளிங்காகிய ஒரு கல்லையே குறித்தன. இன்று ஒழுங்கான உள்ளமைப்புடைய எப்பொருளையும் குறிக்கின்றன. கிரேக்க மொழியிலும், முதலிற் பனிக்கட்டியைக் குறித்த சொல், உருகாத பனிக்கட்டியென்று அவர்கள் எண்ணிய வெண்பளிங்குக்கு ஆகி, பின் எல்லாப் பளிங்குக்கும் பொதுவாயிற்று. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரு கல்லின் பெயரையே இனப்பெயராக்கிய ஒற்றுமை வியத்தற்குரியது.

கையிலெடுத்தாற் காண்பன

இனி, ஒரு கல்லைக் கையிலெடுத்தவர் நோக்க வேண்டுவன எவை? முதலாவது, எத்தனை பக்கம், அவை எவ்வடிவின என்பது. இரண்டாவது, குறுக்கே வெட்டினாற் காணும் வடிவம். மூன்றாவது, பக்கங்களின் மேலோடும் நுண்வரைகள் நெடுக்காகவோ குறுக்காகவோ செல்கின்றன என்பது. நான்காவது, நுனி கூர்த்ததோ தட்டையோ என்பது. இந்நான்கினையும் பொருத்திப் பார்க்கும் வகையைச் சில கற்களால் விளக்குவாம்.

நீண்ட கோல்போன்ற நான்கு கற்கள் முன்னே உள்ளன எனக் கொள்க. ஒன்று அறுபக்கம் உடையது, வரைகள் குறுக்கே ஓடுகின்றன, நுனி கூம்பியது. அது வெண்பளிங்கு. மற்றொன்றும் அறுபக்கமே, ஆயின் குறுக்குவரை இல்லை, நுனி மட்டம் தட்டினாற்போலத் தட்டையானது. அது பெரில் இனம், மரகதம் இவ்வினத்தது. மூன்றாவது கோலின் குறுக்குவெட்டு, பக்கங்கள் புடைத்த முக்கோணம்; வரைகள் நெடுக்காக ஓடும். அது தூர்மலின். அப்பெயர் சிங்களத் தோரமல்லியிலிருந்து மேனாடு சென்றது. நான்காவதன் குறுக்குவெட்டுச் சாய்சதுரம். வரை நெடுக்காக ஓடும். உடைந்தாற் குறுக்கே கண்ணாடிபோல் மட்டமாகப் பிளக்கும். அது புட்பராகம் என்று வழங்கும் கற்களுள் ஒன்றாகிய தோப்பாசு. நான்கும் நிறமற்றிருத்தல் கூடும். நான்கும் மஞ்சளாயிருத்தலுங் கூடும். நிறத்தை மறைத்துவிட்டு நோக்கினும் இவை பிரிந்து நிற்கும்.

சூதாடு காய்போன்ற சதுரமுகிகளும் பல. கறியுப்பு சதுரமுகி, ஆனையிறவு உப்பிலே ஒரு கல்லை எடுத்து உருப்பெருக்கியால் நோக்குவார் இதனைக் காணலாம். பொன்னிறமான பைரைற்றும் சதுரமுகியே. அதன் ஒரு முகத்திலோடும் வரைகள் அடுத்த முகத்து வரைகளுக்குச் செங்குத்தாக ஓடும். அவ்வரைகளைக் கண்டால் அது பொன்னன்று எனத் துணியலாம். ஈயக் கனியமாகிய கலீனா சதுரமாய் வளர்ந்து சதுரமாகவே பிளக்கும். புளோரைற்று சதுரமாய் வளர்ந்தாலும் மூலைகளிலே சாய்வாகப் பிளந்து எண்முகியாகும். கார்னெற் என்னும் செம்மணி, பன்னிரண்டு சாய்சதுரப் பக்கங்களோடு உருண்டைபோலத் தோன்றும். மாதுளம் முத்தின் நினைவாலே அதற்கு மேனாட்டார் அப்பெயரிட்டனர். சிர்க்கோன், நாற்பக்கத் தூணின் இருதலையிலும் கூம்பகம் வைத்தாற்போன்றது. இரத்தினபுரி மணிக்கற்களிடையேயும், நுண்மணிகளாகப் புல்மோட்டைக் கரிய கடல்மணலிலும், அது கிடைக்கின்றது.

வளர்ந்த வகை

ஓர் இனத்துக்குரிய கோணம் மாறாதாயினும், வளர்ந்த இடமும் காலமும் வெப்பமும் உடனிருந்த பொருளும் அதன் தோற்றத்தை வேறுபடுத்தும். தூய நீரிலே சதுரமுகியாய் வளரும் உப்பு, யூரியா கலந்த நீரிலே எண்முகியாய் வளரும். உப்பளத்து நீரின் மேற்பரப்பில் விரைந்து வளர்வது, ஓரங்கள் முந்தி வளர நடு பின்தங்கி, படிப்படியாய்க் குழிந்த கவிழ்கூம்பாய் மிதக்கும். ஒரே உப்பு, வளர்ந்த வகை மூன்று. கல்சைற்று இவ்வகையிற் பெருமாயம் உடையது. ஊசியாயும் தகடாயும் நாய்ப்பல் போன்ற கூம்பாயும் சாய்சதுரத் திண்மமாயும் அது கிடைக்கும். ஆயினும் உடைத்தாற் பிளக்கும் கோணம் ஒன்றே.

பல பளிங்குகள் நெருங்கி வளருமிடத்துத் தனியுருவம் தோன்றாது, கூட்டுருவமே தோன்றும். அதுவும் இனங்காணத் துணைசெய்யும். மலக்கைற்று திராட்சைக் குலைபோலத் திரண்டு, உடைத்தால் உள்ளே வளையம் வளையமாகப் பச்சை வரிகளைக் காட்டும். இரும்புக் கனியமாகிய எமதைற்று சிறுநீரக வடிவிலே திரளும். மைக்கா புத்தகத்தின் ஏடுகள்போல அடுக்கடுக்காய் உரியும். பென்சிலுக்குப் பயன்படும் காரீயம், போகல, கஹட்டகஹச் சுரங்கங்களிலே, பாறைப் பிளவுகளை நிரப்பி, தகடாயும் பிளவின் சுவருக்குக் குத்தாக நிற்கும் நாராயும் வளர்ந்துள்ளது. சுண்ணக்கல்லின் பிளவிலே பன்னம் இலைபோலப் படர்ந்திருப்பது செடியின் பதிவன்று. மங்கனீசு ஒட்சைட்டு நீரோடு கசிந்து கிளைத்து வளர்ந்த கோலம்.

வைடூரியம் எது?

உருவ அறிவு இலக்கிய ஆராய்ச்சிக்கு உதவும் இடமொன்றைக் காட்டுவேன். வைடூரியம் என்றால் பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடும் மணி என்பது இன்றைய வழக்கு. ஆனால் இச்சொல்லின் பிராகிருத வடிவமாகிய வேளுரியம் என்பதே கிரேக்கத்திற் சென்று பெரில் என்னும் பெயராயிற்று என்பது மொழிநூலார் கருத்து. சொல் ஒன்றாயினும் பொருளும் ஒன்றோ என்று ஐயுறுவார்க்கு, பிளினியின் நூல் சான்றாகின்றது. பெரில் இந்தியாவிலிருந்தே வருவது, பிறவிடத்து அரிது, அறுபட்டையாகத் தீட்டப்படுவது, பிறக்கும்போதே கோணங்களோடு பிறக்கின்றது என்று கருதுவாரும் உளர், இந்தியர் நீண்ட கோல் வடிவினவற்றை விரும்புவர் என அவர் எழுதுகின்றார். பூனைக்கண் மணி அறுபட்டைக் கோலாய்க் கிடைப்பதன்று. தட்டை நுனியுடைய அறுபக்கக் கோல் நாம் மேலே கண்ட பெரிலே. கொங்கு நாட்டிலே, பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் எனக் கருதப்படும் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், பெரில் மணிகளும் அவற்றைச் செய்த தொழிற்கூடத்தின் தடயங்களும் வெளிப்பட்டுள்ளன. ஆதலின் பண்டை வாணிகத்து வைடூரியம் பெரிலாதலும், பூனைக்கண் என்ற பொருள் பின்னர் வந்தேறியதாதலும் பொருந்தும். அகராதியை மட்டும் நம்பினால் இப்பொருளை எட்டுதல் அரிது. கல்லின் உருவம் அறிந்தவர்க்கு வழி திறக்கின்றது.

உருவம் கைவிடும் இடங்கள்

உருவமே முற்றான சான்று என்று கூறவும் இயலாது. இரத்தினபுரியிலே மணிகள் கிடைக்கும் பரல்மண் படையைச் சிங்களத்தில் இல்லம் என்பர். தமிழில் இல்லம் வீடு. ஆனால் அது அம்மணிகள் பிறந்த வீடன்று, அடைந்த வீடு. மலைப்பாறைகளிலே பிறந்து, பாறை சிதைய, ஆற்றிலே உருண்டு வந்து அங்கே தங்கியவற்றுள் பலவற்றுக்கு முனையும் ஓரமும் தேய்ந்துபோயின. அங்கே கண் போதாது. எடையும் வன்மையும் ஒளிமுறிவும் அளக்கப்படல் வேண்டும். இலங்கையிற் கிடைத்த கபிலநிற மணியொன்று நெடுங்காலம் பெரிதோற்று என்னும் கல்லின் ஒரு வகையாகக் கருதப்பட்டு, 1952இலேதான் புதிய கனியமெனத் தெளியப்பட்டது. அதற்கு இட்ட பெயர் சிங்களைற்று.

வேறு சில, உருவம் இருந்தும் உண்மை கூறா. பைரைற்றுச் சதுரமுகி மண்ணிலே கிடந்து மெல்லத் துருவாய் மாறும். மாறிய பின்னும் சதுரவுருவம் குலையாது நிற்கும். உடல் போய்ச் சட்டை மட்டும் நின்றாற்போல்வது இது. இலங்கைச் சிர்க்கோன்களுட் சில, தம்முள்ளிருக்கும் கதிர்வீசு மூலகங்களாலே நெடுங்காலந் தாக்குண்டு, உள்வரிசை குலைந்தும் புறத்தே நாற்பக்கத் தூணாகவே தோன்றும். வயிரமும் ஸ்பினெலும் படிகாரமும் மூன்றும் எண்முகியே. அவற்றைப் பிரிக்க வன்மையும் ஒளியும் வேண்டும். வயிரமும் காரீயமுமோ பொருளால் ஒன்று, இரண்டும் காபனே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையால் ஒன்று கற்களுள் வன்மை மிக்கது, மற்றொன்று கையிலே கறுப்பாய் ஒட்டும் மென்பொருள்.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமி அவர்களை நினைத்தல் கடமை. சிவ நடனம் பற்றிய கட்டுரையால் உலகறிந்த அப்பெரியார், கலைத்துறைக்கு வருமுன் புவியியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். சபரகமுவாவின் பலாங்கொடைப் பகுதியிலே பாரமான சிறு கருஞ்சதுரமுகிகள் அக்காலத்திற் கிடைத்தன. உருவமும் பாரமும் கருமையும் முன்னரே அறியப்பட்ட யுரேனினைற்றை ஒத்திருந்தமையால், முதலில் அதுவே எனக் கருதப்பட்டது. இலண்டனிலே இரசாயன முறையாற் பகுத்துப் பார்த்தபோது அதிற் பெரும்பகுதி தோரியம் எனத் தெரிந்தது. 1904இல் அது தோரியனைற்று என்ற புதுப்பெயர் பெற்றது. யுரேனினைற்றுக்கும் தோரியனைற்றுக்கும் அணுவரிசை ஒரே வகையினது. ஆதலின் புறவுருவமும் ஒன்றேயாயிற்று. உருவம் இங்கே பொய் கூறவில்லை. குலத்தைச் சரியாகவே கூறிற்று. பெயரைக் கூறும் பொறுப்பை இரசாயனத்துக்கு விட்டது. எச்சான்று எதுவரை செல்லும் என்பதை அறிந்து அவ்வளவுக்கு அதனை நம்புதலே ஆராய்ச்சியின் ஒழுக்கம்.

நாம் செய்யத்தக்கது

இவையெல்லாம் விஞ்ஞான ஆசிரியர் கூறத்தக்கன. தமிழாசிரியருக்கு என்ன தொடர்பு என்று கேட்பார் உளராகலாம். தொடர்பு உண்டு. உரையாசிரியர் நமக்கு விட்டுச்சென்றது சொல் மட்டுமன்று, நோக்கும் முறையுமாம். எட்டு என்றும் ஆறு என்றும் எழுதிய கைக்கு முன்னே எண்ணிய கண் ஒன்று இருந்தது. எண்ணை மனனஞ் செய்து கண்ணை மூடிக்கொள்வது உரையாசிரியரைப் போற்றுவதாகாது. நவமணிகளின் பெயரை ஒப்புவிக்கும் மாணவருட் பெரும்பாலோர் அவற்றில் ஒன்றையேனும் இயற்கை உருவிற் கண்டதில்லை. பொருளைக் காணாது சொல்லைக் காக்கும் கல்வி நாளடைவிற் சொல்லையும் இழக்கும். வைடூரியம் என்னும் ஒரு சொல்லுக்கு நேர்ந்ததே இதற்குப் போதிய சான்று.

வயிரம் வேண்டுவதில்லை. சீனக்காரம் என்றும் வழங்கும் படிகாரம் நாட்டுமருந்துக் கடையிற் சிறுவிலைக்குக் கிடைக்கும். வெந்நீரிலே கரையுமளவும் அதனைக் கரைத்து, வடித்து, அசையாத இடத்திலே ஆறவைத்தால் அடியிலே சிறு பளிங்குகள் விளையும். நல்லதொன்றைத் தேர்ந்து நூலிற் கட்டி, ஆறி வடித்த அக்கரைசலின் நடுவே தொங்கவிட்டால், சில நாளிலே எட்டுப் பக்கம் தெளிய வளர்ந்துவிடும். பாத்திரத்தின் அடியிலே படிந்து வளர்ந்தவை ஒருபுறம் தட்டையாகி, முக்கோணத் தகடுபோலத் தோன்றும். அவற்றின் சாய்பக்கங்களைத் தடித்த தாளில் வெட்டிய கோணத்தோடு பொருத்திப் பார்த்தால், நூலில் தொங்கியதற்கும் அடியிற் படிந்ததற்கும் கோணம் ஒன்றே, 109 பாகை 28 கலை என்பது புலனாகும். எங்கள் வகுப்பிலே ஊர்காண் காதையைக் கற்பிக்குமுன் இதனைச் செய்வது வழக்கமாகிவிட்டது. பளிங்கைக் கையில் வைத்து மூலையை எண்ணிய மாணவன், பின்னர் உரையைப் படிக்கும்போது அவ்வெண்களில் நிறுத்திப் படிக்கின்றான். அடுத்த மணிக்கும் அவ்வாறு எண் கூறப்பட்டதா என்று தேடுகின்றான். கூறப்படாத இடத்திலே ஏன் கூறப்படவில்லை என்று வினவுகின்றான். அவ்வினாவை எழுப்பிய மாணவனுக்கு நிறத்துக்கும் உருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆசிரியர்களாகிய அன்பர்கள் தத்தம் பாடசாலைகளிலும் இதனைச் செய்து பார்த்தல் நன்று. படிகாரமும் நூலும் ஒரு கண்ணாடிப் போத்தலும் போதும்.